கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவருக்குச் சட்டம் என்ன உரிமை தருகிறது?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த அவருடைய மகள் எட்டு மாதங்களாக டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை செய்கிறாள். டாக்டர் கார்டில் எழுதுவதைப் பார்த்து மாத்திரையை எண்ணி, உறையில் போட்டு, நோயாளியிடம் விளக்கிக் கொடுப்பது அவள் வேலை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் டாக்டர் மதியத்துக்கு மேல் ஈப்போவுக்குப் போய்விடுகிறார். போகும்போது, பழைய நோயாளிகள் வந்தால் போன முறை கொடுத்ததையே கொடுத்துவிடு என்று சொல்லி, பூட்டிய மருந்து அலமாரியின் சாவியையும் அவளிடம் விட்டுச் செல்கிறார். இது சட்டப்படி சரியா, தவறு நேர்ந்தால் மகள் மாட்டிக்கொள்வாளா, இணையத்தில் விளம்பரம் செய்யப்படும் அமெரிக்க 'ஃபார்மசி டெக்னீஷியன்' சான்றிதழை வாங்கிவிட்டால் பாதுகாப்புக் கிடைக்குமா என்பவை அவர் எழுதிய கேள்விகள்.

சகோதரி, நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மருந்தைக் கையில் எடுத்துக் கொடுக்கும் உரிமை நம் நாட்டில் யாருக்கு இருக்கிறது, அந்த உரிமை இல்லாதவர் எவ்வளவு தூரம் அந்த வேலையைச் செய்யலாம் என்பதுதான் அது. நான் அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளிலும் ஒரு மாவட்ட மருத்துவமனையிலும் 31 ஆண்டுகள் உதவி மருந்தக அதிகாரியாக, அதாவது 'பெனோலோங் பெகாவாய் ஃபார்மாசி'யாக, வேலை செய்து ஓய்வு பெற்றவன். பட்டம் பெற்ற மருந்தாளர் அல்ல, வழக்கறிஞரும் அல்ல. உங்கள் மகள் நிற்கும் இடத்துக்கு மிக அருகில், மருந்தாளருக்குக் கீழே, மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும், என் சொந்தக் கணிப்பாக மட்டும் சொல்வதையும் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. நம் நாட்டில் மருந்து விற்பனையையும் விநியோகத்தையும் ஆளும் முக்கியச் சட்டம், மலாயில் 'அக்தா ராச்சுன்' எனப்படும் 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டம். 'ராச்சுன்' என்றதும் எலி மருந்தும் களைக்கொல்லியும்தான் தோட்டத்து மக்களின் நினைவுக்கு வரும். ஆனால் இந்தச் சட்டத்தின் பட்டியலில், நாம் தினமும் வாங்கும் ரத்தக் கொதிப்பு மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும் இருக்கின்றன. பட்டியலின் முதல் பகுதியில் மருந்துகள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 'பி' குழுவில் உள்ளவற்றை மருத்துவரின் மருந்துச்சீட்டு இருந்தால் மட்டுமே மருந்தாளர் விற்கலாம். அம்லோடிபின் போன்ற கொதிப்பு மருந்தும் ஆன்டிபயாட்டிக்குகளும் இதில் அடங்கும். 'சி' குழுவில் உள்ளவற்றை, உதாரணமாகத் தும்மலுக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளை, சீட்டு இல்லாமலும் கொடுக்கலாம். ஆனால் மருந்தாளரே கொடுத்து, அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். சாதாரணப் பாராசிட்டமால் மாத்திரை மளிகைக் கடையில் கிடைப்பதால் எல்லா மாத்திரையும் அப்படித்தான் என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது தவறு.

இந்தச் சட்டம் அதிகாரத்தை மனிதர்களுக்குத்தான் தருகிறது, மேசைக்கோ கடைக்கோ அல்ல. மருந்தகத்தில் அந்த மனிதர் 'ஏ' வகை உரிமம் பெற்ற, பதிவுபெற்ற மருந்தாளர். கிளினிக்கில் அவர் பதிவுபெற்ற மருத்துவர். சட்டத்தின் 19ஆம் பிரிவு, மருத்துவர் தம்முடைய சொந்த நோயாளிக்கு, அந்த நோயாளியின் சிகிச்சைக்காக மட்டும், மருந்து கொடுக்கலாம் என்கிறது. வேறு சில நாடுகளில் மருத்துவர் எழுதுவார், மருந்தாளர் கொடுப்பார் என்று வேலை பிரிந்திருக்கும்; இங்கே தனியார் கிளினிக்கில் அந்தப் பிரிவினை இல்லை. அதனால்தான் உங்கள் மகள் செய்வது போன்ற ஒரு வேலையே உருவாகியிருக்கிறது. மருத்துவரைத் தவிர வேறொருவர் அந்த மருந்தைத் தயார் செய்யும் இடத்தில் சட்டம் பயன்படுத்தும் சொல், 'உடனடியான நேரடி மேற்பார்வை'. இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இந்த மூன்று சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மகள் மாத்திரை எண்ணுவது குற்றமல்ல. உறையில் போடுவதும் குற்றமல்ல. டாக்டர் உள்ளே உட்கார்ந்திருக்க, அவர் எழுதியதை அவள் எடுத்துக் கொடுக்கும் வரை அவள் கை டாக்டரின் கை. டாக்டர் காரை எடுத்துக்கொண்டு ஈப்போ சாலையில் போன பிறகு, அதே கை அவளுடைய சொந்தக் கையாகிவிடுகிறது.

இங்கே நம் நாட்டு ஏற்பாட்டின் ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். மருந்தாளர்களுக்கு 1951ஆம் ஆண்டிலேயே தனிப் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. நம் தோட்டங்களில் 'டிரசர்' என்று அழைத்தோமே, அந்தத் தோட்ட மருத்துவமனை உதவியாளர்களுக்கு 1965இல் ஒரு பதிவுச் சட்டம் வந்தது. அரசாங்க மருத்துவ உதவியாளர்களுக்கு 1977இல் வந்தது. உடற்பயிற்சி சிகிச்சையாளர், உணவியலாளர், ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் என 23 தொழில்களைச் சேர்த்து 2016இல் துணைச் சுகாதாரத் தொழில் சட்டம் வந்தது. அந்த 23இல் மருந்தக உதவியாளர் இல்லை. தகரக் கூரைக் கட்டடத்தில் கலக்கு மருந்து ஊற்றிக் கொடுத்த டிரசரின் பெயர் ஒரு பதிவேட்டில் இருந்தது. இன்று குளிரூட்டிய கிளினிக்கில் அவரைவிடப் பல மடங்கு வீரியமான மருந்துகளைக் கையாளும் உங்கள் மகளுக்கு அப்படிப்பட்ட பதிவேடு எதுவும் இல்லை. மூன்றாண்டு டிப்ளோமா படித்து அரசாங்க வேலை பார்த்த எனக்கும் இருந்ததில்லை. நான் அதைப் பெரிய குறையாகவே கருதுகிறேன். பதிவேடு என்பது தண்டிப்பதற்கு மட்டும் உள்ளதல்ல. 'இந்த வேலை வரை என்னுடையது, இதற்கு மேல் என்னைச் செய்யச் சொல்லாதீர்கள்' என்று ஓர் ஊழியர் தம் முதலாளியிடம் சொல்வதற்குப் பிடிமானமும் அதுதான். அந்தப் பிடிமானம் இல்லாத இடத்தில் ஒரு பத்தொன்பது வயதுப் பெண் டாக்டரிடம் எப்படி மறுத்துப் பேசுவாள்?

அமெரிக்கச் சான்றிதழைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அங்கே மருந்தகத் தொழில்நுட்பரை ஆள்வது ஒவ்வொரு மாநிலத்தின் மருந்தியல் வாரியம். ஒரு மாநிலத்தில் பெயரைப் பதிந்தால் போதும், இன்னொன்றில் உரிமம் வேண்டும், வேறொன்றில் தேர்வு எழுதிய சான்றிதழ் வேண்டும். ஒரு மருந்தாளருக்குக் கீழ் எத்தனை தொழில்நுட்பர் இருக்கலாம் என்று எண்ணிக்கை விதிக்கும் மாநிலங்களும் உண்டு. சில மாநிலங்களில், மருத்துவமனைக்குள் ஒரு தொழில்நுட்பர் நிரப்பிய மருந்தைப் பயிற்சி பெற்ற இன்னொரு தொழில்நுட்பரே சரிபார்க்கவும் அனுமதி இருக்கிறது. அந்நாட்டின் தேசியச் சான்றிதழ் வாரியம் 1995இல் தொடங்கப்பட்டது. பிரிட்டனில் 2011ஆம் ஆண்டு முதல் மருந்தகத் தொழில்நுட்பர் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும். இவை எல்லாம் அந்தந்த நாட்டு எல்லைக்குள் மதிப்புள்ள ஏற்பாடுகள். அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டகத்தில் போட்டு கிளினிக் சுவரில் மாட்டினாலும், நம் நச்சுப்பொருள் சட்டத்தின் முன் உங்கள் மகள் இப்போது எங்கே நிற்கிறாளோ அங்கேதான் நிற்பாள். பாடம் என்ற முறையில் அது பயன்படலாம். பாதுகாப்பு என்ற முறையில் பயன்படாது. அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

அரசாங்க மருந்தகத்தில் நாங்கள் எப்படி வேலை செய்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தனி ஒருவர் கையில் எதையும் விடக்கூடாது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. மருந்துச்சீட்டு வந்ததும் முதலில் ஒருவர் அதைப் படித்துப் பார்ப்பார்: பெயர், அடையாள அட்டை எண், மருந்தின் அளவு, நாள் கணக்கு, ஒன்றுக்கொன்று ஒவ்வாத மருந்துகள் இருக்கின்றனவா என்பது. ஐயம் இருந்தால் மருத்துவரை அழைத்துக் கேட்பார். இரண்டாமவர் உறையில் ஒட்டும் சீட்டை எழுதி மருந்தை எடுத்து நிரப்புவார். என்னைப் போன்றவர்களின் பெரும்பகுதி வேலை இதுதான். மூன்றாவதாக, நிரப்பியவர் அல்லாத இன்னொருவர் சீட்டையும் மருந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பார். நான்காவதாக மருந்தைக் கொடுப்பவர், நோயாளியைப் பெயர் சொல்லச் செய்து, அடையாள அட்டை எண்ணை ஒப்பிட்டு, எப்போது எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார். 'நீங்கள்தானே முனியம்மா?' என்று கேட்கக் கூடாது, 'உங்கள் பெயர் என்ன?' என்றுதான் கேட்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். காது மந்தமான மூதாட்டி முதல் கேள்விக்கு எப்போதும் தலையாட்டிவிடுவார்.

ஆள் குறைவான நாள்களில் இந்த நான்கு படிகளும் இரண்டு பேர் கையில் சுருங்கியதுண்டு. 1980களின் கடைசியில் ஒரு சிறு கிளினிக்கில், மருந்தாளரே இல்லாமல், நான் ஒருவனே நான்கு படியையும் ஏறி இறங்கியிருக்கிறேன். அப்போது ஒரு நாள், தைராய்டுக்குக் கொடுக்கும் கார்பிமசோல் எழுதப்பட்டிருந்த சீட்டுக்கு, வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெப்பினை எடுத்து நிரப்பிவிட்டேன். அதை வாங்கவிருந்த அம்மா, 'இது போன தடவை வேற மாதிரி சின்னதா இருந்துச்சே தம்பி' என்று சொன்னதால்தான் தெரிந்தது. முன்பே அறிந்த மாத்திரை என்பதால் அவருக்குத் தெரிந்தது. புது நோயாளியாக இருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பார். பெயர் ஒலியிலும் எழுத்திலும் ஒத்திருக்கும் மருந்துகளுக்கென்றே சுகாதார அமைச்சு பின்னாளில் வழிகாட்டி வெளியிட்டது. வேறுபடும் எழுத்துகளைப் பெரிதாக அச்சிடும் முறையும் வந்தது. மெட்ஃபார்மினும் மெட்ரோனிடசோலும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருந்தால் ஒன்று இன்னொன்றின் உறைக்குள் போக எவ்வளவு நேரமாகும்? முன்னது இனிப்பு நீருக்கு, பின்னது கிருமிக்கு. உங்கள் மகள் தனியாக இருக்கும் மதியத்தில் இரண்டாவது கண் எதுவும் இல்லை என்பதுதான், சட்டத்தைவிட என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கையும் சேர்க்கிறேன். அரசாங்க மருத்துவமனையில் வேலை செய்யும் உறவினர் யாராவது, 'சி வகை மருந்து என்றால் டாக்டர் இல்லாமலும் எழுதலாம்' என்று மகளிடம் சொல்லியிருக்கக்கூடும். அவர்கள் பேசுவது அமைச்சின் மருந்துப் பட்டியலைப் பற்றி, நாங்கள் 'நீலப் புத்தகம்' என்று சொல்வதைப் பற்றி. அதில் 'ஏ' நட்சத்திரமும் 'ஏ'யும் நிபுணர் எழுதுவது, 'பி' மருத்துவ அதிகாரி எழுதுவது, 'சி' மருத்துவ உதவியாளர் போன்றோரும் எழுதக்கூடியது. அது அரசாங்க நிலையங்களுக்குள் யார் மருந்தை எழுதலாம் என்பதற்கான எழுத்து. நச்சுப்பொருள் சட்டத்தின் 'பி', 'சி' குழு வேறு கணக்கு. எழுத்து ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொண்ட படித்தவர்களையே பார்த்திருக்கிறேன். தனியார் கிளினிக்கில் உள்ள உங்கள் மகளுக்கு நீலப் புத்தகம் எந்த அதிகாரமும் தராது.

இனி அவள் அன்றாடம் செய்வதை எடுத்துப் பார்ப்போம். டாக்டர் கிளினிக்கில் இருக்கும்போது, அவர் அன்று பார்த்த நோயாளிக்கு, அவர் கார்டில் எழுதிய மருந்தை எண்ணி நிரப்பிச் சீட்டு ஒட்டிக் கொடுப்பது, நாடு முழுக்கக் கிளினிக்குகளில் நடப்பது. எழுத்து புரியாத இடத்தில் கேட்டுத் தெளிந்துகொண்டால் அவள் பயப்பட ஒன்றுமில்லை. சரக்கு வந்ததைச் சரிபார்ப்பது, காலாவதி நெருங்கியதை முன்னால் வைப்பது, இன்சுலின் இருக்கும் குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று காலை மாலை குறிப்பது, இவை எல்லாம் அவள் தாராளமாகச் செய்யலாம், நன்றாகவும் கற்றுக்கொள்ளலாம். எந்த மருந்து என்று அவளே முடிவெடுப்பது, கையிருப்பில் இல்லை என்று வேறு வீரியத்தை மாற்றிக் கொடுப்பது, டாக்டர் பார்க்காத ஆளுக்குக் கேட்ட மருந்தை விற்பது, இவை எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. குறிப்பாக, இருமல் மருந்து கேட்டு வரும் இளைஞர்களைப் பற்றி அவளிடம் பேசுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தையும் டிரமடோல் மாத்திரையையும் போதைக்காகத் தேடி வருபவர்கள் எல்லா டவுனிலும் இருக்கிறார்கள். டாக்டர் இல்லாத நேரம் எது என்பதையும் அவர்கள் சீக்கிரம் தெரிந்துகொள்வார்கள்.

அடுத்தது, டாக்டர் இல்லாத மதியம். இதில் இரண்டு நிலைமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காலையில் டாக்டர் நோயாளியைப் பார்த்து, கார்டில் எழுதி, மருந்து உறைகள் அவர் இருக்கும்போதே நிரப்பப்பட்டு, அவர் பார்த்துச் சரி என்று சொல்லி, பெயர் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. வேலை முடிந்த கணவர் மாலை நான்கு மணிக்கு வந்து வாங்கிப் போகிறார். இது எனக்குப் பெரிதாக உறுத்தவில்லை. தயாரிப்பு மேற்பார்வையில் நடந்துவிட்டது, பின்னால் நடந்தது ஒப்படைப்பு. ஆனால் இது என் கணிப்பு மட்டுமே; அதிகாரியோ நீதிமன்றமோ அந்த மூன்று சொற்களை இன்னும் இறுக்கமாகப் பொருள்கொள்ள இடமிருக்கிறது. மற்ற நிலைமை, நீங்கள் எழுதியிருப்பது: அன்று டாக்டர் பார்க்காத நோயாளிக்கு, போன மாதக் கார்டைப் பார்த்து, அவளே எடுத்து, அவளே நிரப்பி, அவளே கொடுப்பது. இதில் எனக்கு ஐயமே இல்லை. இது கூடாது. டாக்டர் தொலைபேசியில் 'கொடு' என்று சொன்னாலும், பக்கத்தில் இருந்து பார்ப்பது என்ற பொருளில் அது மேற்பார்வை ஆகாது. போன மாதம் 130 இருந்த ரத்த அழுத்தம் இன்று 90 ஆக இருக்கலாம். அந்த ஆள் இடையில் ஈப்போ மருத்துவமனையில் படுத்திருந்து வேறு மருந்துகளோடு வந்திருக்கலாம். அதைக் கேட்கவும் கணிக்கவும் படித்தவர் டாக்டர். மகள் அதைக் கேட்காதது அவள் குற்றமும் அல்ல.

தவறு நேர்ந்தால் யார் மாட்டுவது என்று கேட்டீர்கள். தனியார் கிளினிக்குகளை ஆளும் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு கிளினிக்கும் பதிவு செய்யப்பட்டு அதற்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். ஆகவே டாக்டரின் பொறுப்பு அவர் காரோடு ஈப்போவுக்குப் போய்விடாது. ஆனால் 'டாக்டர் சொன்னார், செய்தேன்' என்பது மருந்தைக் கொடுத்தவருக்கு முழுக் கவசம் என்று நினைப்பதும் ஆபத்து. விசாரணை என்று வந்தால் முதல் கேள்வி, யார் கையால் கொடுக்கப்பட்டது என்பதாகத்தான் இருக்கும். எந்த அளவுக்குப் பொறுப்பு யார் மீது விழும் என்பது அந்தந்த வழக்கின் விவரத்தைப் பொறுத்தது. அதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

உறையின் மேல் எழுதுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லாமல் விடமாட்டேன். கொடுக்கும் மருந்தின் உறையில் நோயாளியின் பெயர், தேதி, கொடுத்தவரின் பெயரும் முகவரியும், மருந்தின் பெயர், சாப்பிடும் முறை, 'உபாத் தெர்கவால்' என்னும் 'கட்டுப்படுத்தப்பட்ட மருந்து' என்ற சொல், இவை இருக்க வேண்டும் என்று 1952ஆம் ஆண்டு விதிமுறைகள் கேட்கின்றன. மாத்திரையின் பெயர் இல்லாமல் 'சாக்கிட்', 'டெமாம்' என்று வலி, காய்ச்சல் மட்டும் எழுதிய உறைகளோடு வந்தவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர் மயங்கி விழுந்து மருத்துவமனைக்கு வந்தால் உள்ளே போனது என்ன என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று, மொழி. சீட்டு மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். நம் முதியவர்களில் பலர் தமிழ் மட்டும் படிப்பார்கள், சிலர் எதையும் படிக்க மாட்டார்கள். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுக்கப்பட்ட ஒரு தோட்டத்து அம்மாவை ஒருமுறை பார்த்தேன். வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மருந்து அது. சீட்டில் 'செக்காலி செமிங்கு', அதாவது வாரம் ஒரு முறை, என்று சரியாகத்தான் எழுதியிருந்தது. அவருக்குப் புரிந்தது 'செக்காலி' மட்டும், ஆகவே தினம் ஒரு முறை. வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர் கூட விழுங்க முடியாமல் வந்தார். தினம் சாப்பிட்டால் ரத்த அணுக்களையே குறைத்துவிடும் மருந்து; நல்ல வேளையாக சில நாள்களிலேயே வந்துவிட்டார். கொடுத்தவர் தமிழில் ஒரு வார்த்தை, 'வெள்ளிக்கிழமை மட்டும்மா' என்று சொல்லியிருந்தால் போதும். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை, படிக்கத் தெரியாதவர்களின் உறையில் சூரியனும் நிலாவும் வரைந்து, கிழமையை வாய்விட்டுச் சொல்லி, அவர்களைத் திருப்பிச் சொல்லச் செய்த பிறகுதான் உறையைக் கையில் கொடுத்தேன். உங்கள் மகளிடம் தமிழ் இருக்கிறது. அந்தக் கிளினிக்கில் அவளால் செய்யக்கூடிய மிகப் பெரிய நன்மை இதுதான். அதற்கு எந்தச் சட்டமும் தடை இல்லை.

டாக்டரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு வருகிறேன். எடுத்ததும் புகார் என்று போக வேண்டாம் என்பது என் யோசனை. பெரும்பாலான கிளினிக்குகளில் இது கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்த கிழவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப மனமில்லாமல் தொடங்கி, பழக்கமாகிவிடுகிறது. மகள் அமைதியாக, 'டாக்டர், நீங்கள் இல்லாதபோது மருந்து கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது, பழைய நோயாளிகளை நீங்கள் இருக்கும் நேரத்துக்கு வரச் சொல்லட்டுமா' என்று கேட்கலாம். அப்படிக் கேட்பதோடு வழியையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. அவர் இல்லாத மதியங்களுக்கு மாற்று டாக்டரை வைக்கலாம். தொடர் மருந்து சாப்பிடுபவர்களுக்கு முன்கூட்டியே மருந்துச்சீட்டு எழுதிக் கொடுத்தால், அவர்கள் டவுனில் மருந்தாளர் இருக்கும் மருந்தகத்தில் வாங்கிக்கொள்வார்கள். அரசாங்க மருத்துவமனையில் தொடர் சிகிச்சையில் உள்ளவர்கள் மாத மருந்தைத் தங்களுக்கு அருகில் உள்ள அரசாங்க கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ளும் 'எஸ்.பி.யூ.பி.' என்ற ஏற்பாடும் இருக்கிறது; தோட்டத்து மக்களில் பலருக்கு இது தெரியாது. இவ்வளவும் சொன்ன பிறகும் டாக்டர் கட்டாயப்படுத்தினால், மாநிலச் சுகாதாரத் துறையில் மருந்தக அமலாக்கப் பிரிவு இருக்கிறது, அங்கே விளக்கம் கேட்கலாம். அந்த வேலையை விட்டுவிடலாம் என்றும் நான் சொல்வேன், ஆனால் அந்தச் சம்பளம் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

மகளுக்கு இந்தத் துறை பிடித்திருக்கிறது என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அமெரிக்கச் சான்றிதழை விட்டுவிட்டு மருந்தியல் டிப்ளோமாவைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரிகளிலும் தனியார் கல்லூரிகளிலும் இருக்கிறது; கணிதம், அறிவியல், மலாய் பாடங்களில் எஸ்.பி.எம். கிரெடிட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தனியார் கல்லூரி என்றால், அந்தப் படிப்புக்கு மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன் சரிபார்க்க வேண்டும். டிப்ளோமா முடித்து அரசாங்க மருத்துவமனைக்குப் போனால், மருந்து நிரப்புவதோடு, நரம்பு வழியே செலுத்தும் சத்துக் கரைசலையும் புற்றுநோய் மருந்தையும் கிருமி புகாத அறையில் கலக்கும் வேலை வரை, மருந்தாளரின் மேற்பார்வையில் கற்றுக்கொள்ளலாம். அவளே ஒரு நாள் அந்த மேற்பார்வை செய்யும் இடத்துக்குப் போக விரும்பினால், நான்கு ஆண்டு மருந்தியல் பட்டமும் அதற்குப் பிறகு ஓராண்டுப் பயிற்சியும் முடித்துப் பதிவு பெற வேண்டும். டிப்ளோமா படித்துவிட்டுப் பட்டத்துக்குப் போனவர்களும் இருக்கிறார்கள்.

அந்தச் சாவியைப் பற்றி எழுதுவதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். கிளினிக்கில் பூட்டி வைக்கும் அலமாரியில் பெரும்பாலும் இருப்பவை டயசெபாம், மிடசோலம் போன்ற மனநிலையை மாற்றும் மருந்துகள். இவற்றுக்கு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் 1989ஆம் ஆண்டில் தனி விதிமுறைகளே போடப்பட்டன: பூட்டி வைக்க வேண்டும், உள்ளே வந்ததும் வெளியே போனதும் பதிவேட்டில் ஒவ்வொன்றாகக் கணக்கில் இருக்க வேண்டும். அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் முதலில் எண்ணிப் பார்ப்பதும் இந்த அலமாரியைத்தான். பத்து மாத்திரை குறைந்தால், குறைந்த நாளில் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்பார்கள். நோயாளிகளை என்ன செய்வது, மதியத்தை எப்படி மாற்றுவது என்பதெல்லாம் டாக்டரோடு பேசிச் சில வாரங்களில் சரிசெய்யலாம். சாவி அப்படியல்ல. நாளைக் காலையிலேயே, டாக்டர் கையில், பதிவேட்டையும் இருப்பையும் அவரோடு சேர்ந்து ஒருமுறை எண்ணி, அந்தப் பக்கத்தில் தேதி போட்டு அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு, திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.